பத்துமலைப் பல்லி முதல் பழ ஈ வரை: புதிய சிற்றினங்கள் எப்படி உருவாகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) உயிரியல் மாணவர்கள், தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர்கள், வார இறுதியில் மலையேறுபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். முடிந்தவரை கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்து உயிர்களையே எடுத்துக்காட்டாகக் காட்டியிருக்கிறோம். ‘இனம்’ என்றால் நம் நாட்டில் மலாய், சீன, இந்திய இனம் என்றுதான் முதலில் மனதில் படும். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ‘சிற்றினம்’ என்றே எழுதுகிறோம்.

சிற்றினம் என்று எதைச் சொல்கிறார்கள்?

தங்களுக்குள் கூடி, இனப்பெருக்கம் செய்யக்கூடிய வாரிசுகளைப் பெற்று, மற்றக் கூட்டங்களோடு இயற்கையில் கலக்காமல் வாழும் உயிர்க்கூட்டமே சிற்றினம். 1942ல் எர்ன்ஸ்ட் மாயர் கொடுத்த வரையறையின் சாரம் இதுதான். ‘இயற்கையில்’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கூண்டுக்குள் சிங்கமும் புலியும் சேர்ந்து குட்டி போடும். அதற்காக இரண்டையும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை.

புதைபடிவங்களுக்கும், கலவியே இல்லாமல் பெருகும் பாக்டீரியாக்களுக்கும் இந்த வரையறை ஒத்துவராது. அங்கே உருவ அளவுகளையும் மரபுக்கொடியையும் வைத்துப் பிரிக்கிறார்கள். விலங்குகளையும் செடிகளையும் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டு கூட்டங்களுக்கிடையே மரபணு இன்னும் போய்வருகிறதா, நின்றுவிட்டதா? கீழே வரும் விடைகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே வரும்.

ஒன்று இரண்டாகப் பிரிவது எப்படித் தொடங்குகிறது?

பெரும்பாலும் இடத்தால். ஒரு கூட்டத்தின் நடுவே ஆறோ கடலோ பள்ளத்தாக்கோ குறுக்கிடுகிறது, அல்லது சில உயிர்கள் தொலைவில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் தலைமுறைக்குத் தலைமுறை சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் சேருகின்றன. ஒரு பக்கம் சேர்வது மறுபக்கம் போய்ச் சேர வழியில்லை. ஈரமான பக்கத்தில் இயற்கைத் தேர்வு ஒன்றை வளர்க்கும், வறண்ட பக்கத்தில் வேறொன்றை. கூட்டம் சிறியதென்றால் வெறும் தற்செயலே பல மாற்றங்களை நிலைநிறுத்திவிடும்.

பிறகு ஒருநாள் தடை நீங்கி இரு கூட்டங்களும் சந்தித்தாலும் ஒன்றையொன்று துணையாக ஏற்பதில்லை. ஏற்றாலும் முட்டை பொரிப்பதில்லை. பொரித்தாலும் பிறப்பது மலடாகிறது. இந்த மூன்றில் எதுவும் முதலில் வரலாம். எது முதலில் வந்தது என்று கண்டுபிடிப்பதே இந்தத் துறையின் கடினமான, சுவையான வேலை.

பத்துமலையில் அப்படி என்ன இருக்கிறது?

சுண்ணாம்பு மலைகளைக் காட்டுக்கடலில் மிதக்கும் தீவுகளாக எண்ணிக்கொள்ளுங்கள். பாறை இடுக்கிலும் குகை இருட்டிலும் வாழப் பழகிய உயிருக்கு, இரண்டு மலைகளுக்கு நடுவே கிடக்கும் சமவெளி கடல் மாதிரிதான்.

பத்துமலையில் வாழும் வளைவிரல் பல்லிக்கு 2014ல் சிர்டோடாக்டிலஸ் மெட்ரோபோலிஸ் என்று பெயர் வைத்தார்கள். மாநகரத்தை ஒட்டிய மலை என்பதால் அந்தப் பெயர். பத்துமலைக்கு மட்டுமே உரியதாக அறியப்பட்ட ஒரே முதுகெலும்பி அது. வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியின் விரலடியில் ஒட்டும் பட்டைகள் அகலமாக இருக்கும். இதற்கு அவை இல்லை. விரல்கள் மெலிந்து, மூட்டில் மடங்கி, நகத்தால் பாறையைப் பற்றும். கண்ணாடியில் ஏற முடியாத கால், சொரசொரப்பான சுண்ணாம்புக்கென்றே அமைந்த கால்.

இருட்டுக் குகையில் லிபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ் என்ற கதவுச்சிலந்தி இருக்கிறது. அதற்குப் பெயரிட்டது 1923ல். மற்றச் சிலந்திகளின் வயிறு வழுவழுப்பான பை. இதன் வயிற்றின் மேல் இன்னும் வரிசையாகத் தட்டுகள் தெரியும். மிகப் பழைய சிலந்தி வம்சத்தின் அடையாளம் அது. வளை வாயில் மண்ணும் பட்டும் கலந்த கதவு. அதிலிருந்து விசிறி போல வெளியே நீளும் சில பட்டு இழைகள். பூச்சி இழையில் இடறினால் சிலந்தி கதவைத் தூக்கிக்கொண்டு பாயும். பல சிலந்திகளின் குஞ்சுகள் நூல்விட்டுக் காற்றில் பறந்து பரவும். இந்த வம்சத்துக்கு அந்தப் பழக்கமில்லை. பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராத உயிரில் மரபணு ஓட்டம் சீக்கிரம் அறுந்துபோகும். அதனால்தான் தீபகற்பத்தில் இடத்துக்கு இடம் வெவ்வேறு லிபிஸ்டியஸ் சிற்றினங்கள் கிடைக்கின்றன.

பினாங்கு தீவுதானே? அங்கே உள்ள உயிர்களைக் கடல்தான் பிரித்திருக்கும், இல்லையா?

நன்றாகக் கேட்கப்படும் கேள்வி, ஆனால் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே உள்ள ஆழமற்ற நீரிணை அப்போது தரை. நடந்தே போயிருக்கலாம். பினாங்கு தீவாக மாறியது பனி உருகிக் கடல் ஏறிய பிறகுதான். பரிணாமக் கணக்கில் அது நேற்று நடந்தது.

தீவின் மலைக்காட்டில் சிர்டோடாக்டிலஸ் புல்செல்லஸ் என்ற பட்டைப் பல்லி வாழ்கிறது. 1827லேயே பெயர் பெற்றது. நெடுங்காலம் தாய்லாந்தின் தெற்கு முதல் தீபகற்பம் வரை பார்த்த பட்டைப் பல்லிகளில் பலவற்றை இந்த ஒரே பெயரில் அழைத்து வந்தார்கள். 2012ல் உருவ அளவுகளையும் டி.என்.ஏ.வையும் சேர்த்து ஆராய்ந்தபோது இந்தக் குழுவிலிருந்து ஏழு புதிய சிற்றினங்கள் பிரிந்தன. லங்காவிக்கு ஒன்று, கேமரன் மலைக்கு ஒன்று, தித்திவங்சா தொடரின் தென்பகுதிக்கு ஒன்று. பிந்தாங் தொடரில் மட்டும் இரண்டு: மேட்டில் வாழ்வது பிந்தாங்திங்கி, தாழ்வில் வாழ்வது பிந்தாங்ரெண்டா. புல்செல்லஸ் என்ற பழைய பெயர் பினாங்குப் பல்லிக்கு மட்டும் நின்றது.

நிலமும் நிலமுமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே மலைத்தொடரிலேயே மேட்டுக்கும் தாழ்வுக்கும் வேறு வேறு பல்லி என்றால், பிரித்தது கடல் மட்டுமல்ல. குளிர்ந்த மேட்டுக்காடும் வெப்பமான சமவெளியும் நெடுங்காலமாகச் செய்த வேலை அது. வரைபடத்தில் நீலமாகத் தெரியும் தடையை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது.

இடத்தடையே இல்லாமல், ஒரே மரத்தில் இருந்துகொண்டே பிரிய முடியுமா?

முடியும். அரிது, ஆனால் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ராகோலெடிஸ் பொமோனெல்லா என்ற ஈ முதலில் ஹாதார்ன் என்ற காட்டுப்பழத்தில்தான் முட்டையிட்டது. ஐரோப்பியர் கொண்டுபோய் நட்ட ஆப்பிளுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பகுதி ஈக்கள் மாறின. ஆப்பிள் சில வாரங்கள் முன்னதாகப் பழுக்கும். ஈயும் முன்னதாக வெளிவர வேண்டும். பிறந்த பழத்திலேயே துணை தேடும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, இரு கூட்டங்களின் கலப்பு குறைந்துவிட்டது. முழுப் பிரிவு இன்னும் ஆகவில்லை. பாதி வழியில் பிடிபட்ட பிரிவு என்பதாலேயே அது இத்தனை ஆராயப்படுகிறது.

நேரமும் தடைதான். ஆஸ்திரேலியாவில் பாக்ட்ரோசெரா ட்ரையோனி என்ற பழ ஈ அந்தி மங்கும்போது கூடும். அதன் நெருங்கிய உறவான நியோஹ்யூமெராலிஸ் வெயில் நேரத்தில் கூடும். ஒரே தோட்டத்தில் இருந்தாலும் சந்திப்பு அபூர்வம்.

நம்மூர்ப் பழ ஈயை இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்கினார்களே, ஏன்?

கொய்யா, மாங்காய், பப்பாளிக்குள் புழு வைக்கும் ஈயை 1994ல் பாக்ட்ரோசெரா பப்பாயே என்று தனிச் சிற்றினமாக்கினார்கள். 2015ல் அதையும் பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்கா சார்ந்த இரண்டு பெயர்களையும் டார்சாலிஸ் என்ற ஒரே சிற்றினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பெலிம்பிங் என்று சந்தையில் கேட்டு வாங்கும் நட்சத்திரப்பழத்தைத் தாக்கும் கரம்போலே என்ற ஈ தனியாகவே நின்றது. இந்த முடிவுக்கு முக்கியமாக உதவிய ஒன்று, ஈக்களையே கேட்டுப் பார்க்கும் கூண்டுச் சோதனை.

செய்முறை இது. புழு வைத்த பழங்களைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து, ஈரமான மணலோ மரத்தூளோ பரப்பிய தட்டின் மேல் வைக்க வேண்டும். புழு கீழே விழுந்து கூட்டுப்புழுவாகும். ஈ வெளிவந்த முதல் சில நாட்களுக்குள் ஆண், பெண்ணைத் தனித்தனிக் கூண்டில் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் பெண் ஏற்கெனவே கூடியிருக்கும், சோதனை வீண். உணவு, சர்க்கரை மூன்று பங்கும் ஈஸ்ட் புரதம் ஒரு பங்கும், தனியே தண்ணீர். புரதம் இல்லாவிட்டால் ஈ முதிராது. இரண்டு வாரத்துக்கு மேல் வளர்ந்தவற்றையே பயன்படுத்த வேண்டும். முந்தின நாள் ஒவ்வொன்றின் முதுகிலும் கூட்டத்துக்கு ஒரு நிறமாகச் சின்னப் புள்ளி வைக்கிறார்கள். புள்ளி இறக்கையில் பட்டால் அந்த ஈயை ஒதுக்கிவிட வேண்டும், அது சரியாகப் பறக்காது.

சோதனைக்கூண்டு ஆள் உயரத்துக்கும் மேலான வலைக்கூடாரம். உள்ளே தொட்டியில் நட்ட பழமரம். அந்திக்குச் சற்று முன் ஆண்களை விடுவார்கள், அவை இலையடியில் இடம் பிடித்துக்கொள்ளும். பிறகு பெண்களை விடுவார்கள். இருட்டும்வரை ஜோடி சேர்ந்தவற்றைச் சின்னக் குப்பியில் பிடித்து நிறத்தைக் குறித்துக்கொள்வார்கள்.

கணக்கு எளிது. தன் கூட்டத்தோடு சேர்ந்த ஜோடிகளிலிருந்து கலப்பு ஜோடிகளைக் கழித்து, மொத்த ஜோடிகளால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 60 ஜோடியில் 54 சொந்தக் கூட்டம், 6 கலப்பு என்றால் 48ஐ 60ஆல் வகுத்து 0.8. விடை 1 என்றால் முழுத் தடை, 0 என்றால் யாரோடும் பேதமில்லை. பல தலைமுறை ஆய்வகத்தில் வளர்ந்த ஈக்களுக்குத் துணை தேடும் பழக்கமே மாறிப்போயிருக்கும். ஆகவே எத்தனையாவது தலைமுறை என்று எழுதாத முடிவை நம்ப வேண்டாம்.

மணமும் கைகொடுத்தது. இந்த ஆண் ஈக்கள் மெத்தில் யூஜினால் என்ற பொருளைத் தேடி வந்து நக்கும். சில துளசி வகைகளின் இலையிலும் அது உண்டு. உட்கொண்டதை டார்சாலிஸ் ஆண் இரண்டு பொருள்களாக மாற்றி, பெண்ணை ஈர்க்கும் மணமாகச் சேமிக்கும். பப்பாயே என்று அழைக்கப்பட்டதும் அதே இரண்டு பொருள்களைத்தான் சேமித்தது. கரம்போலே ஆணோ தானே வேறொரு மணப்பொருளையும் சுரக்கிறது.

ஒரே தலைமுறையில் புதிய சிற்றினம் தோன்றுமா?

செடிகளில் தோன்றும். குரோமோசோம் தொகுதி இரட்டிப்பானால் போதும். ட்ரகோபோகன் என்ற பூச்செடியின் மூன்று ஐரோப்பியச் சிற்றினங்கள் அமெரிக்காவில் பரவி, அங்கே கலந்து, தொகுதி இரட்டிப்பாகி இரண்டு புதிய சிற்றினங்கள் பிறந்தன. 1950ல் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். தாய்ச்செடியோடு திரும்பக் கலந்தால் குரோமோசோம்கள் ஜோடி சேராமல் விதை கெடும். தடை பிறப்பிலேயே வந்துவிடுகிறது.

வாழைப்பழம் இதற்கு நேர்மாறான பாடம். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம். ரஸ்தாளிக்கு மூன்று தொகுதி, 33. மூன்றை இரண்டு கையில் சமமாகப் பங்கிட முடியாது. அதனால் விதை இல்லை, கன்று வைத்துத்தான் பெருக்க வேண்டும். புதுமையானதுதான், ஆனால் தானே இனம் பெருக்க முடியாததால் அதைப் புதிய சிற்றினம் என்று எண்ணுவதில்லை.

கலப்பில் பிறப்பது ஏன் மலடாகிறது?

கோவேறு கழுதையைப் பாருங்கள்: குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, குட்டிக்கு 63. ஆனால் எண்ணிக்கை ஒத்திருந்தாலும் மலடாகலாம். ஒரு கூட்டத்தில் ‘அ’ என்ற மரபணு மாறியது, மறு கூட்டத்தில் ‘ஆ’ மாறியது என்று வையுங்கள். அந்தந்த வீட்டில் இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. மாறிய அவும் மாறிய ஆவும் ஒரே உடலில் முதன்முறையாகச் சந்திப்பது கலப்புக் குட்டியில்தான், அங்கே ஒத்துப்போகவில்லை. டாப்ஷான்ஸ்கி, முல்லர் இருவரும் விளக்கிய வழி இது. பாதிப்பு ஒரு பாலுக்கு மட்டும் என்றால், அது பெரும்பாலும் இரண்டு வகைப் பாலினக் குரோமோசோம்களை உடைய பாலாக இருக்கும். பாலூட்டிகளில் அது ஆண், பறவைகளில் பெண். 1922ல் ஹால்டேன் கவனித்தது, இன்றும் பொருந்துகிறது.

டெங்கி ஒழிப்புக்கு விட்ட வோல்பாக்கியா கொசுவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக உண்டு. கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரக் குடியிருப்புகள் சிலவற்றில் 2017 முதல் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் எஜிப்தி கொசுக்களை விட்டார்கள். அது கொசுவின் செல்லுக்குள் வாழும், தாயிடமிருந்து முட்டைக்குப் போகும். பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. மற்ற எல்லாச் சேர்க்கையிலும் பொரிக்கும். மரபணு மாறாமலே ஒரு பக்கத் தடை!

இரண்டு கூட்டங்களில் வெவ்வேறு வோல்பாக்கியா வகை இருந்தால் தடை இரு பக்கமும் விழும். நாசோனியா என்ற சிறு குளவிகளில் இதைச் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாவை நீக்கியதும், முன்பு கலக்காத இரண்டு சிற்றினங்களுக்குக் கலப்பு வாரிசு பிறந்தது. ஏடிஸ் கொசு இதனால் புதிய சிற்றினமாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். பாக்டீரியா கூட்டம் முழுக்கப் பரவிவிட்டால், பிரிப்பதற்கு மறுபக்கம் ஒன்று இருக்காது.

எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு தலைமுறை முதல் பல இலட்சம் ஆண்டுகள் வரை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு மீண்டும் நிரம்பியது. அதில் சுமார் 500 சிக்ளிட் மீன் சிற்றினங்கள். காலப்பகோஸ் தீவுக்கூட்டத்தில், டாஃப்னி மேஜர் தீவுக்கு 1981ல் வேறு தீவிலிருந்து ஓர் ஆண் குருவி வந்தது. உள்ளூர்ப் பெண்ணோடு கூடியது. அதன் வழிவந்தவை தங்களுக்குள் மட்டுமே கூடத் தொடங்கின. 1973 முதல் அத்தீவில் ஒவ்வொரு குருவிக்கும் வளையமிட்டு வந்த பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் இதைக் கண்ணெதிரே பதிவு செய்தார்கள்.

மறுபக்கம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த காக்கை இன்றும் அதே காக்கைதான்.

ஆய்வகத்தில் டி.என்.ஏ. பார்ப்பது எப்படி?

திசுவை எடுத்தவுடன் 95% எத்தனாலில் போட வேண்டும். பழ ஈ என்றால் ஒரு கால், பல்லி என்றால் வால் நுனி போதும். திசுவைப் போல ஐந்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். மறுநாள் ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் திசுவின் நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். மருந்துக்கடை 70% ஸ்பிரிட் போதாது. ஃபார்மலினில் போட்டால் உருவம் நிற்கும், டி.என்.ஏ. சிதையும். இலை என்றால் அதன் எடையைப் போல பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் உலர்த்துவது வழக்கம்.

விலங்குகளில் வழக்கமாக முதலில் பார்ப்பது மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள துண்டு. அதைப் பி.சி.ஆர். எந்திரத்தில் பெருக்குகிறார்கள்: 94 டிகிரியில் இழைகள் பிரிய 30 விநாடி, 50 டிகிரியை ஒட்டித் தொடக்கி (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்ட 40 விநாடி, 72 டிகிரியில் நீள 1 நிமிடம், இப்படி 35 சுற்று. ஒவ்வொரு தடவையும் டி.என்.ஏ. போடாத ஒரு குழாயும் சேர்ந்து ஓட வேண்டும். அதில் பட்டை (டி.என்.ஏ. பெருகியதற்கான அடையாளம்) தெரிந்தால் எங்கோ கலப்படம், அன்றைய முடிவு எல்லாம் குப்பைக்கு. பட்டை சரியாக வந்தும் எழுத்து வரிசையில் இரட்டை முகடும் நடுவே நிறுத்தக் குறியும் தெரிந்தால், உட்கருவுக்குள் குடியேறிய, இந்த மரபணுவின் செத்த நகலைப் பெருக்கிவிட்டீர்கள் என்று ஐயப்பட வேண்டும்.

உயிரைப் பிடிக்காமலும் முடியும். 2020ல் இலைக்குரங்குகளின் எச்சத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஒன்றாக எண்ணியிருந்த பிரெஸ்பைடிஸ் ஃபெமோராலிஸ் குழுவில் மூன்று சிற்றினங்கள் இருப்பதாகக் காட்டினார்கள்.

2% வேறுபாடு இருந்தால் தனிச் சிற்றினம் என்று சொல்லலாமா?

கூடாது. 658 எழுத்தில் 13 மாறினால் 2% ஆகிவிடும். அது விசாரணை தொடங்கக் காரணம், தீர்ப்பல்ல. டார்சாலிஸையும் கரம்போலேயையும் இந்தத் துண்டை வைத்து நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது, ஆனாலும் அவை வேறு வேறு சிற்றினங்கள். ஒரே சிற்றினத்துக்குள் 2%க்கு மேல் மாறுபடுவதும் உண்டு.

அதிகம் நடக்கும் பிழை மாதிரி எடுப்பதில்தான். பினாங்கில் பத்து, ஜொகூரில் பத்து என்று எடுத்தால் இரண்டு தெளிவான குவியல் கிடைக்கும். பேராக், சிலாங்கூர் மாதிரிகளைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே படிப்படியான மாற்றம் தெரிந்தால் அது தூரத்தின் விளைவு மட்டுமே. கணினி நிரலும் காப்பாற்றாது. கூட்டங்களுக்குள் உள்ள உட்பிரிவையே சிற்றினம் என்று அவை எண்ணிவிடும் என 2017ல் சுகுமாரனும் நோல்ஸும் காட்டினார்கள். உட்கரு மரபணு, உடல் அளவு, குரல் அல்லது மணம், முடிந்தால் கலப்புச் சோதனை என்று குறைந்தது இரண்டு மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் பேச வேண்டும்.

கொஞ்சம் கலப்பு நடந்தால் சிற்றினம் இல்லை என்றாகிவிடுமா?

இல்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மனிதர்களின் மரபணுவில் சுமார் 2% நியாண்டர்தாலிடமிருந்து வந்தது. கலப்பு வந்தும் கூட்டங்கள் கரைந்து ஒன்றாகவில்லை என்றால் தடை வேலை செய்கிறது என்றே பொருள்.

தண்ணீர்மலையிலோ பினாங்கு மலையிலோ நடக்கும்போது வித்தியாசமான ஒன்றைப் பார்த்தால்?

பிடிக்காதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆய்வுக்கு எடுக்கவும் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை, மாநில வனத்துறை போன்றவற்றின் அனுமதி வேண்டும். மரபு வளங்களுக்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உண்டு.

படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பல்லி என்றால் விரலும் தாடையும் தெரிய ஒன்று, அளவுக்கு அருகில் ஒரு 20 சென் நாணயம். இடம், உயரம், நேரம், பாறையா மரமா மண்ணா என்று எழுதிவையுங்கள். கருங்கல்லா சுண்ணாம்பா என்பதைக் கண்டிப்பாகக் குறியுங்கள், பலர் விடுவது அதைத்தான். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தையும் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தையும் அணுகலாம். துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் போட வேண்டாம். அரிய பல்லியையும் சிலந்தியையும் விற்கப் பிடிப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

ஒரு மலை போனால் ஒரு சிற்றினமே போகுமா?

போகும், போயிருக்கிறது. பகாங்கின் புக்கிட் பஞ்சிங் சுண்ணாம்பு மலையில் மட்டும் பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்ற நத்தை வாழ்ந்தது. சில மில்லிமீட்டர் அளவுதான். இந்த வகை நத்தைகளின் ஓடு சாதாரணமாகச் சுருண்டுவந்து, கடைசிச் சுற்றில் திசைமாறித் திரும்பும். சுண்ணாம்பு இல்லாமல் ஓடு கட்ட முடியாது, ஆகவே மலையைவிட்டு இறங்கவும் முடியாது. கல் வெட்டி வெட்டி மலை முழுவதும் தீர்ந்தது, நத்தையும் அற்றுப்போனது. முன்பே சேகரித்த ஓடுகள் இருக்கின்றன. சுற்றுகளை எண்ணலாம், வாயின் அகலத்தை அளக்கலாம். பக்கத்து மலை நத்தையோடு அது கலந்திருக்குமா என்று சோதிக்க உயிரோடு ஒன்றுகூட இல்லை.